டேரில் கோவாண்டாவின் ஐந்து நிமிடம்

டேரில் கோவாண்டா பதினெட்டு வயதில் வாழ்ந்து முடித்தவன். அதற்குப் பிறகு அவன் செய்ததெல்லாம் அந்த வாழ்க்கையைத் திருப்பிச் சொல்வதுதான்.

பிழைப்புக்கு அவன் ஹார்லோ என்ற சின்ன அமெரிக்க ஊரின் கூட்டுறவு தானியக் கிடங்கில் உரமும் விதையும் விற்றான். அதில் அவன் கெட்டிக்காரனும் இல்லை, மோசமும் இல்லை. வாங்க வந்த விவசாயி அவசரத்தில் இல்லை என்று தெரிந்தால் போதும், கையில் இருக்கும் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, "ஒன்பதாவது படிக்கறப்ப ஒரு கூத்து நடந்துச்சே, சொன்னேனா?" என்பான். சொல்லியிருப்பான். அந்த நெப்ராஸ்கா வட்டாரத்தில் அதைக் கேட்காத காது ஒன்றாவது பாக்கி இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

எண்பத்தொன்றில் பள்ளி முடித்த அவனுடைய வகுப்புக்கு வருஷத்துக்கு ஒன்றாக நான்கு ஞாபகங்கள் இருந்தன. அவ்வளவுதான் இருந்தன. ஒன்பதாவதில், பெரிய வகுப்புப் பையன்கள் புதிதாக வந்தவர்களை உடற்பயிற்சிக் கூடத்தில் மண்டியிட வைத்து, மூக்கால் வேர்க்கடலையை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை உருட்டச் சொன்னது. அதில் மூக்குத் தோல் உரிந்தது என்று டேரில் இல்லாத தழும்பைத் தொட்டுக் காட்டுவான். பத்தாவதில், ஊர்வல வண்டிக்காகக் கம்பிவலையில் காகிதப் பூக்களைச் செருகி வெள்ளைக் குதிரை ஒன்று செய்ததும், மழை பெய்து அதன் கீழிருந்த பச்சைக் காகிதப் புல்லின் சாயம் ஏறிக் குதிரை பச்சையானதும். பதினொன்றாவதில், நடன விருந்துக்காகக் கூடத்தைக் கடலடி மாதிரி ஜோடித்து, காகிதத் திமிங்கிலம் விழுந்து கணக்கு டீச்சரின் கொண்டை அவிழ்ந்தது. பன்னிரண்டாவதில் பஸ்.

சிரிப்பதற்கு இதில் பெரிதாக என்ன இருக்கிறது என்று வெளியாள் கேட்கலாம். கேட்டால் டேரில் அவனை ஏற இறங்கப் பார்ப்பான். "நீ அங்க இருந்திருக்கணும்பா" என்பான். அந்த வார்த்தையில்தான் அவனுடைய மொத்தச் செருக்கும் இருந்தது. உலகத்திலேயே பெரிய விஷயம் அங்கே இருந்ததுதான். இருந்துவிட்டுப் போனவர்கள் அவனைப் பொறுத்தவரை ஓடிப்போனவர்கள். கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கி நகரத்தில் தங்கிவிட்டவர்களைப் பற்றிப் பேசும்போது, ஜெயிலுக்குப் போனவர்களைப் பற்றிப் பேசும் குரல் வரும் அவனுக்கு. பாவம் என்பது போல, ஆனால் எதிர்பார்த்ததுதான் என்பது போலவும்.

இப்படிப்பட்டவனைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். பட்டம் வாங்கிப் போனவர்களும் அதைத்தான் செய்தார்கள். ஆனால் நகரத்தில் எவன் வீட்டு விருந்தில், எவன் முன்னால், தங்களுடைய பதினான்கு வயதுக் கதையைச் சொல்ல முடியும் அவர்களால்? சொல்ல ஆளில்லாததால் அவர்கள் சொல்லவில்லை. டேரிலுக்கு ஆள் இருந்தது. அதற்காக அவனை மன்னிக்கலாமா என்றால், பஸ் கதையைக் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பள்ளி முடியும் வருஷம் கன்சாஸ் சிட்டிக்கு உல்லாசப் பயணம். டேரில் வகுப்புத் தலைவன், அதனால் பஸ் நின்று கிளம்பும்போதெல்லாம் தலை எண்ணுவது அவன் வேலை. மிசௌரியில் நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் பங்க் ஒன்றில் நின்றார்கள். கிளம்பினார்கள். நீல் சிகோரா என்ற பையன் கழிப்பறையில் இருந்தான். அவனை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ் போய்விட்டது. கொஞ்ச தூரம் போனதும் டேரில் எழுந்து, "வண்டியை நிறுத்துங்க!" என்று கத்தினானாம். பஸ் திரும்பியதாம். பங்க்கில் நீல் ஒரு டயர்மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தானாம். எல்லாரும் இறங்கிக் கட்டிப்பிடித்தார்களாம்.

நீல் ஒல்லியாக, எதிலும் சேராமல் இருந்தவன். பள்ளி முடிந்த கோடையிலேயே ஊரை விட்டுப் போனான். அவன் வீட்டாரும் அரிசோனாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். வகுப்புச் சந்திப்புகளுக்கு அனுப்பிய அழைப்பு அட்டைகளுக்கு அவனிடமிருந்து பதிலே வரவில்லை. பிறகு அட்டைகளே திரும்பி வர ஆரம்பித்தன. இருபதாவது வருஷத்துச் சந்திப்புக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது, பெயரட்டைகளைக் கவனித்துக்கொள்ளும் வகுப்புத் தோழி ஜோலீன், கிராண்ட் ஐலண்ட் நகரத்துப் பக்கம் லாரி மோதி ஒரு சிகோரா இறந்ததாகத் தன் நாத்தனார் சொன்னாள் என்றாள்.

"நம்ம நீல்தான்" என்றான் டேரில்.

"விசாரிக்க வேணாமா?"

"இருந்தா பதில் போட்டிருப்பான்ல?"

ஹார்லோவில் இது போதுமான ஆதாரம். அட்டைக்குப் பதில் போடாதவன் செத்தவன்தான் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. அந்த வருஷத்திலிருந்து, வகுப்பில் இறந்தவர்களுக்கு வைக்கும் வெள்ளைக் கார்னேஷன் பூக்களில் ஒன்று நீலுக்கு. டேரிலின் பஸ் கதைக்கு அது வரை முடிவு என்று ஒன்று சரியாக அமையவில்லை. நீல் செத்ததும் அமைந்துவிட்டது.

மே மாதக் கடைசி வாரத்தில், கல்லறைகளுக்குப் பூ வைக்கும் விடுமுறையில், ஹார்லோவில் பழைய மாணவர் விருந்து நடக்கும். பள்ளியைப் பக்கத்து ஊரான டென்பியின் பள்ளியோடு சேர்த்து வருஷங்கள் ஆகிவிட்டன. வகுப்பறைகளில் பனிக்காலத்தில் சாலையில் தூவும் ஊராட்சி உப்பு மூட்டைகள் கிடக்கின்றன. ஆனால் உடற்பயிற்சிக் கூடத்தை மட்டும் இந்த ஒரு சாயங்காலத்துக்காகக் கூட்டித் துடைப்பார்கள். பள்ளி முடித்து இருபத்தைந்து வருஷமான வகுப்புக்கு மரியாதை செய்வார்கள். அந்த வகுப்பில் ஒருவர் எழுந்து மைக்கில் ஐந்து நிமிடம் பேசலாம். ஒன்பதாவதில் தொடங்கிப் பன்னிரண்டாவது வரை, தங்கள் காலத்தை ஊருக்குச் சொல்லலாம். அடுத்த வாய்ப்பு ஐம்பதாவது வருஷத்தில். அதற்குள் யார் இருப்பார்கள், யாருக்குப் பல் இருக்கும் என்று சொல்ல முடியாது.

டேரில் வகுப்பின் இருபத்தைந்தாவது வருஷத்தில் அவனுடைய ஐந்து நிமிடம் வந்தது. குளிர்காலம் முழுக்கக் குளியலறையில் ஒத்திகை பார்த்தான். அவன் மனைவி ரோண்டா கதவுக்கு இந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். கேட்காமல் இருக்க வழியில்லை, சின்ன வீடு.

"அன்னைக்கு நாங்க திரும்பிப் போய் அவனைக் கூட்டிட்டு வந்தோம்" என்று உள்ளே குரல் தழுதழுக்கும். "ஆனா கிராண்ட் ஐலண்ட் ரோட்டுல, அவனைக் கூட்டிட்டு வர நாங்க யாருமே இல்ல."

வெளியே வந்து, "எப்படி இருந்துச்சு?" என்பான்.

"சோப்பு தீந்துபோச்சா?" என்பாள் ரோண்டா.

"நீ டென்பிக்காரி. உனக்கு என்னடி தெரியும்?"

விருந்தன்று மாலை டேரில் பள்ளிக்கால விளையாட்டு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். அது தோள் வரை வந்தது, வயிற்றை மூட மறுத்தது. கூடத்தில் நீள மேசைகளின்மேல் வெள்ளைக் காகிதம் விரித்து, மாட்டிறைச்சியும் மசித்த உருளைக்கிழங்கும் கசகசா வைத்த கொலாச்சி ரொட்டியும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஜோலீன் பெயரட்டைகளோடு உட்கார்ந்திருந்தாள்.

சட்டைக்கையை மடித்துவிட்ட, முன்தலை வழுக்கையான ஒருவன் வந்து, "ஒரு டிக்கெட்" என்றான்.

"எந்த வருஷம்?"

"எண்பத்தொண்ணு."

ஜோலீன் நிமிர்ந்தாள். "எங்க வருஷமா? எனக்குத் தெரியாம யாரு அது? நீங்க யாரோட வீட்டுக்காரர்?"

"இங்க யாரோட வீட்டுக்காரனும் இல்ல. நீல் சிகோரா."

"அடக் கடவுளே! நீ செத்துட்டியே!"

"பேப்பர்ல போட்டிருந்தீங்களாமே. எதுல போனேன்?"

"கார்ல. கிராண்ட் ஐலண்ட் பக்கத்துல."

"அந்தப் பக்கம் நான் போனதே இல்லையேம்மா."

"லாரி வந்து அடிச்சுதுன்னு சொன்னாங்களே" என்றாள் ஜோலீன். அவன் சரியாகப் பதில் சொல்லவில்லை என்பது போல அவள் குரலில் மனத்தாங்கல் இருந்தது.

சியாட்டிலில் படகு கட்டும் இடத்தில் வெல்டிங் வேலை என்றான். லிங்கன் நகரத்தில் மனைவி வழியில் ஒரு கல்யாணத்துக்கு வந்தானாம். கல்யாணத்தில் யாரோ ஹார்லோ பத்திரிகையில் விருந்து அறிவிப்பைப் பார்த்துவிட்டு, அதில் மறைந்தவர்கள் வரிசையில் உன் பெயர் இருக்கிறதே என்று கேட்டார்களாம். பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தானாம். மேசையில் தன் பெயர் எழுதிய சீட்டோடு குவளையில் இருந்த வெள்ளைப் பூவைக் கண்டதும், எடுத்து ஈரத்தை உதறிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான். அவனுக்கு அது வேடிக்கையாக இருந்தது. வேறு யாரும் சிரிக்கவில்லை. வகுப்பின் சொத்தை அனுமதி இல்லாமல் எடுத்துவிட்டதாகத்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

டேரிலுக்கு முதலில் வந்தது கோபம். ரோண்டாவைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனான்.

"இருபத்தஞ்சு வருஷம் வராத பய, இன்னைக்குத்தான் வரணுமா?"

"மனுஷன் உயிரோட இருக்கான் டேரில். அதுக்கா கோவம்?"

"கோவம் இல்ல. என் பேச்சு என்ன ஆகறது?"

"மாத்திச் சொல்லு."

"என்னத்த மாத்தறது? முடிவே அவன் சாகறதுதான்!"

ரோண்டா அவனைப் பார்த்தாள். பிறகு போய் உட்கார்ந்தாள்.

டேரில் மனதுக்குள் வேகமாகக் கணக்குப் போட்டான். கடலையையும் குதிரையையும் திமிங்கிலத்தையும் வைத்து ஐந்து நிமிடம் ஓட்ட முடியாது. ஊரே அவற்றைக் கேட்டிருக்கிறது. மேலும் எல்லா வகுப்புக்கும் ஒரு குதிரையோ திமிங்கிலமோ இருக்கும். ஆளைத் தொலைத்து, திரும்பிப் போய் மீட்டது எண்பத்தொன்று மட்டும்தான். சரி, செத்தவனுக்குப் பதில் பிழைத்தவன். அதுவும் நன்றாகத்தான் இருக்கும். கதாநாயகனைக் காட்டி, கதையைச் சொல்லலாம். அவன் தலையாட்டினால் போதும்.

நீல் பக்கத்தில் போய் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான்.

"டேய் நீல்! அந்த பஸ் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அதைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன். நாங்க திரும்பி வந்து உன்னைக் கூட்டிட்டுப் போனோமே, அந்த இடத்துல நீ எழுந்து நின்னா—"

"நீங்க எங்க திரும்பி வந்தீங்க?"

டேரில் சிரித்தான். நீல் சிரிக்கவில்லை.

"சாயங்காலம் வரைக்கும் அந்த பங்க்லதான் இருந்தேன்" என்றான் நீல். கோபமில்லாமல், வேலை சம்பந்தமாகப் பேசுவதைப் போலச் சொன்னான். "பங்க்காரர் பொண்டாட்டி சாண்ட்விச் குடுத்தாங்க. பிறகு ஸ்கூலுக்குப் போன் பண்ணாங்க. வாத்தியார் ஒருத்தர் கார்ல வந்து நேரா எங்க வீட்டுல கொண்டாந்து விட்டார். கன்சாஸ் சிட்டியை நான் இன்னைக்கு வரைக்கும் பாத்ததில்ல."

"அப்படியா? எனக்கு வேற மாதிரி..."

"பரவால்ல டேரில். பழசு. சிரிக்கணும்னா சிரிங்க. நான் அழுதேன்னு சொன்னாலும் சரி, அழுதேன்தான். திரும்பி வந்தீங்கன்னு மட்டும் சொல்லாத."

"சரி, சரி" என்று அவன் தோளைத் தட்டினான் டேரில்.

மைக்குக்குப் பக்கத்தில் எல்வா ப்ரூன்ஸ் என்ற ஓய்வுபெற்ற தபாலதிகாரி அம்மாள் கைமணியோடு நின்றிருந்தாள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால், பேசுகிறவர் போப்பாண்டவராக இருந்தாலும் அவள் மணியடிப்பாள். டேரில் ஜாக்கெட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஆரம்பித்தான். கடலைக்கு ஓரளவு சிரித்தார்கள். குதிரைக்குக் குறைவாக. திமிங்கிலம் வரும்போது கிழவர்கள் இனிப்பை எட்டிப் பார்த்தார்கள். டேரிலின் காதோரம் வியர்த்தது. தன் வாழ்க்கையில் இந்த ஊர் தன்னை மொத்தமாக உட்கார்ந்து பார்ப்பது இதுதான் கடைசி என்று அவனுக்குத் தெரிந்தது. அந்தப் பார்வை கையிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. நீலுக்குக் கொடுத்த 'சரி' எவ்வளவு சின்ன வார்த்தை!

"எங்க கூட்டத்துல ஒருத்தனை நாங்க தொலைச்சோம்" என்றான்.

கூடம் நிமிர்ந்தது.

பஸ்ஸைச் சொன்னான். தான் எழுந்து கத்தியதைச் சொன்னான். ஓட்டுநர் மறுத்ததாகவும், தான் ஸ்டியரிங்கைப் பிடித்ததாகவும் அன்று புதிதாகச் சேர்ந்துகொண்டது. "நாங்க திரும்பினோம்! எண்பத்தொண்ணு யாரையும் விட்டுட்டுப் போகாது. அந்த பஸ் திரும்பலேன்னா, இதோ, இன்னைக்கு நீல் சிகோரா இங்க உக்காந்திருப்பானா?"

கைத்தட்டல் எழுந்தது. எண்பத்தொன்றின் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். ஆண்கள் மேசையைத் தட்டினார்கள்.

நீல் உட்கார்ந்தபடியே, பெரிய குரல் எடுக்காமல், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, "பஸ் திரும்பல" என்றான்.

தட்டல் தடுமாறி நின்றது. டேரில் மைக்கைப் பிடித்தபடி நின்றான். அவனைக் காப்பாற்றியது ஜோலீன்.

"நீல் கண்ணு" என்றாள் பக்கத்து மேசையிலிருந்து, குழந்தைக்குச் சொல்வதைப் போல. "நீதான் பஸ்லயே இல்லையே. திரும்புச்சா இல்லையான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. அன்று சாயங்காலத்திலேயே பெரிய சிரிப்பு அதுதான். நீல் வாயைத் திறந்தான். சுற்றிலும் பார்த்தான். அத்தனை தலைகளும் ஆமாம் ஆமாம் என்று ஆடிக்கொண்டிருந்தன. பொய் என்று தெரிந்து ஆடிய தலை அவற்றில் ஒன்றுகூட இல்லை. அத்தனை பேரும் பஸ் திரும்பியதைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். ஒருத்தி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்ததாகவும் சொன்னாள்.

"பாவம், மறந்துட்டான்."

"ஊரை விட்டுப் போனா இப்படித்தான்."

எல்வா மணியடித்தாள். டேரில் ஐந்து நிமிடத்தை முழுதாக வாங்கிக்கொண்டு இறங்கினான்.

நீல் பையிலிருந்த பூவை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். கொலாச்சியைக் கடித்து முடித்துவிட்டு எழுந்து போனான். "இத்தனை வருஷம் ஆகியும் கோவிச்சுக்கறான் பாரு" என்றார்கள்.

விருந்து கலைந்தபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. டேரிலின் பிக்கப் வண்டியைத் தாண்டிப் போனவர்கள் எல்லாரும் அதன் கூரையைத் தட்டிவிட்டுப் போனார்கள். "அசத்திட்டடா!" "சிப்பாய்கள் சங்கத்து பாருக்கு வந்துரு, இன்னைக்கு உனக்கு எங்க செலவு!" டேரில் முகம் சிவந்து சிரித்துக்கொண்டே சாவியைப் போட்டான். பக்கத்தில் ரோண்டா கைப்பையை மடியில் வைத்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, இப்பவாவது நல்லா இருந்துச்சுன்னு சொல்லேன்."

"நம்ம கல்யாணத்துக்கு முந்தின வருஷம், உங்கப்பா பிக்கப்புல உக்காந்து என்கிட்ட ஒண்ணு சொன்ன" என்றாள் ரோண்டா.

"என்ன சொன்னேன்?"

"தலை எண்ணினப்ப நீல் சீட்டு காலியா இருந்துச்சுன்னு சொன்ன. பாத்தேன்னு சொன்ன. பின்னால பசங்க உன்னைப் பாத்து கண்ணடிச்சாங்களாம். 'எல்லாரும் ஏறியாச்சு'ன்னு நீ சொன்னதும் பஸ்ஸே சிரிச்சுதாம். அந்தச் சிரிப்பு உனக்குப் பிடிச்சிருந்துச்சாம். சொல்லிட்டு அழுத. என் தோளெல்லாம் ஈரமாகற மாதிரி இல்ல, வாந்தி எடுக்கற மாதிரி அழுத."

டேரில் சாவியைத் திருப்பவில்லை.

"எங்கம்மா உன்னை வேணாம்னாங்க. வெட்டிப்பேச்சுக்காரன்னாங்க. நான் அந்த அழுகையைப் பாத்துத்தான் உன்னைக் கட்டிக்கிட்டேன். வேற எதைப் பாத்தும் இல்ல."

யாரோ ஹாரன் அடித்து, வா வா என்று கையசைத்துப் போனார்கள். டேரில் அவர்களுக்குக் கையசைத்தான். தேடிப் பார்த்தான், உண்மையாகவே தேடினான். அப்பாவின் பிக்கப் நினைவில் இருந்தது, அதன் கிழிந்த சீட்டும் இருந்தது. ரோண்டா இளமையாக அதில் உட்கார்ந்திருந்தாள். தான் அழுதது மட்டும் கிடைக்கவில்லை. அதற்குப் பதில் பஸ் திரும்புவது தெரிந்தது. புல்தரை ஜன்னலில் சுழல்வது தெரிந்தது. ஸ்டியரிங்கின் சூடு கூடக் கையில் இருந்தது. இவள் ஏன் இன்றைக்குப் போய் இதைக் கெடுக்கிறாள்?

"நீ டென்பிக்காரி" என்றான். "நீயும் அந்த பஸ்ல இல்ல."

ரோண்டா கதவைத் திறந்து இறங்கி, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சரளைப் பாதையில் நடக்க ஆரம்பித்தாள்.

டேரில் வண்டியை அவள் பக்கத்திலேயே மெல்ல ஓட்டினான். "ஏறு ரோண்டா. எல்லாரும் பாக்கறாங்க." அவள் திரும்பவில்லை. வீடு ஒன்றும் தூரமில்லை, நடந்து போகிற தூரம்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். பின்னால் வந்தவர்கள் மறுபடி ஹாரன் அடித்தார்கள். முனையில் அவள் வீட்டுப் பக்கம் திரும்பினாள். அவன் பாருக்குத் திரும்பினான்.

அங்கே பரிமாறிக்கொண்டிருந்த பெண் வேறு மாவட்டத்திலிருந்து புதிதாக வந்தவள். என்ன விசேஷம், இவ்வளவு கூட்டம் என்று கேட்டாள். டேரில் முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டான்.

"ஒன்பதாவது படிக்கறப்ப ஒரு கூத்து நடந்துச்சு" என்றான்.